மீன் பாரத்தில் பிடித்த கிளட்ச் வெறும் வண்டியில் ஏன் நழுவியது?

"அண்ணே, ரேஸ் மட்டும் ஏறுது, வண்டி போக மாட்டேங்குது. புது கிளட்ச் செட் போட்டு ஒன்பது நாள்தான் ஆச்சு."

ஜூலை மாதத்து மதியம் ஒன்றில் தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவர் என் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னது இது. பட்டறை உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில், நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. வண்டி 14 வருடப் பழைய டீசல் பிக்கப். 5 கியர், பின்சக்கர இழுவை. கிளட்ச் கேபிளில் வேலை செய்வதில்லை. பிரேக் போலவே மாஸ்டர் சிலிண்டர், சிலேவ் சிலிண்டர் என்று ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. அதிகாலையில் பாம்பனில் மீன் பெட்டியும் ஐஸும் ஏற்றி ராமநாதபுரம் போவார். மதியம் காலிப் பெட்டிகளோடு திரும்புவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வண்டி வீட்டு வாசலில் கடல் காற்றில் நின்றிருக்கிறது. தடை முடிந்து தொழில் தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் கிளட்ச் நழுவ ஆரம்பித்திருக்கிறது. வேறு ஒரு பட்டறையில் கியர்பாக்ஸை இறக்கி, பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். ஒன்பதாம் நாள் அதே கோளாறு.

இரண்டு மாதம் வருமானம் இல்லாமல் இருந்த குடும்பம். செட்டுக்கே கடன் வாங்கியிருக்கிறார். இன்னொரு முறை கியர்பாக்ஸை இறக்கச் சொல்லிவிடுவேனோ என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவசரப்பட்டு எதையும் கழற்றக் கூடாது என்று முடிவு செய்தேன்.

கிளட்ச் எப்படிப் பிடிக்கிறது என்று தெரிந்தால்தான் பின்னால் சொல்லப்போவது விளங்கும். இன்ஜினோடு சேர்ந்து சுற்றுவது பிளைவீல். அதற்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட் இருக்கிறது. பிரஷர் பிளேட்டில் உள்ள ஸ்பிரிங் அதை எந்நேரமும் பிளைவீலோடு சேர்த்து நசுக்கிக்கொண்டிருக்கும். அந்த நசுக்கல்தான் பிடிப்பு. பிடிப்பு குறைந்தால் இன்ஜின் மட்டும் சுற்றும், வண்டிக்கு இழுவை வராது; அதைத்தான் நழுவல் என்கிறோம். பெடலை மிதித்தால் மாஸ்டர் ஆயிலைத் தள்ளும், சிலேவ் ஃபோர்க் என்ற நெம்புகோலைத் தள்ளும், ரிலீஸ் பேரிங் போய் ஸ்பிரிங்கின் விரல்களை அழுத்தும், பிடிப்பு விடும். காலை எடுத்தால் ஆயில் வந்த வழியே திரும்பிப் போக வேண்டும்.

ஆகவே நழுவலுக்கு நான்கு வழி உண்டு. பிளேட் தேய்ந்திருக்கலாம். பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம். ஸ்பிரிங் வலுவிழந்திருக்கலாம். இல்லையென்றால், யாரும் மிதிக்காமலேயே ஏதோ ஒன்று மிதித்தபடி இருக்கலாம். முதல் மூன்றையும் பார்க்கக் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். நான்காவதைப் பார்க்க ஒரு சின்ன ஸ்பேனரும் பத்து நிமிடமும் போதும். ஆனாலும் நடைமுறையில் கியர்பாக்ஸ்தான் முதலில் இறங்குகிறது. நானும் பல வருடம் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

எப்போது நழுவுகிறது?

அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "காலையில பாலம் ஏறும்போது எப்படி இருக்கு?"

"காலையில ஒண்ணும் இல்லண்ணே. ஒரு டன் மீனோட நல்லாவே ஏறுது. மதியம் வெறும் வண்டியா வரும்போதுதான் உயிரை எடுக்குது. மண்டபம் தாண்டி பாலத்துல ஏறுனா நடுவுல நின்னுருமோன்னு பயமா இருக்கு."

இந்தப் பதில்தான் வழியைக் காட்டியது. ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் வரை சமதரைதான். எங்கள் பக்கத்தில் வண்டியின் இழுவையைச் சோதிக்கும் மேடு என்றால் அது 1988-ல் திறந்த பாம்பன் சாலைப் பாலம்தான். 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம். அடியில் படகுகள் போக வேண்டும் என்பதால் நடுப்பகுதியை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். தேய்ந்த பிளேட்டாக இருந்தால் அதிகாலையில் ஒரு டன் பாரத்தோடு அந்த மேட்டில்தான் முதலில் நழுவ வேண்டும். இங்கே பாரத்தோடு பிடிக்கிறது, வெறும் வண்டியில் நழுவுகிறது.

காற்றைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. ஜூலையில் கச்சான் காற்று கடுமையாக அடிக்கும், உண்மைதான். ஆனால் மண்டபத்திலிருந்து பாம்பனுக்குப் போவது கிழக்கு நோக்கி. தென்மேற்கிலிருந்து வரும் காற்று அந்தத் திசையில் வண்டியைப் பின்னாலிருந்தும் பக்கவாட்டிலும்தான் தள்ளும், எதிர்த்து நிற்காது.

காலைக்கும் மதியத்துக்கும் வேறு என்ன வித்தியாசம்? காலையில் வீட்டிலிருந்து புறப்பட்டுச் சில நிமிடத்தில் பாலம் வந்துவிடுகிறது. இன்ஜினும் கியர்பாக்ஸும் அப்போது குளிர்ந்தே இருக்கின்றன. மதியம் ஊர் நெரிசலில் நூறு தடவை கிளட்ச் மிதித்து, அப்புறம் வெயிலில் முக்கால் மணி நேரம் ஓடி, சூடேறிய வண்டி பாலத்துக்கு வருகிறது. அதாவது நழுவல் பாரத்தைத் தொடர்ந்து வரவில்லை. சூட்டைத் தொடர்ந்து வருகிறது.

அடுத்து, கழற்றிய பழைய பிளேட் எங்கே என்று கேட்டேன். நல்ல வேளை, சீட்டுக்குப் பின்னால் சாக்கில் கட்டி வைத்திருந்தார். வெர்னியரில் அளந்து பார்த்தேன். ரிவெட்டின் தலை, பிளேட்டில் உரசும் பகுதியான லைனிங்கின் மேற்பரப்பிலிருந்து 0.9 மில்லிமீட்டர் ஆழத்தில் இருந்தது. பொதுவாக 0.3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால்தான் பிளேட்டை மாற்றுவோம். ஆனால் முகம் கண்ணாடி போலப் பளபளத்தது, ஓரம் கருகியிருந்தது. பிளேட் தேயவில்லை, எரிந்திருக்கிறது. முந்தைய பட்டறையில் எரிந்த பிளேட்டைப் பார்த்துவிட்டு மாற்றியதில் தவறில்லை. அது ஏன் எரிந்தது என்ற கேள்வி மட்டும் விட்டுப்போயிருக்கிறது.

பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் சொல்வேன். இந்த வண்டியில் பாதி விடை அந்தச் சாக்குக்குள் கிடந்தது.

குளிரில் ஒரு சோதனை, சூட்டில் ஒரு சோதனை

வண்டியை இரவு பட்டறையிலேயே விடச் சொன்னேன். மறுநாள் காலை 6 மணிக்கு, முழுக்கக் குளிர்ந்த நிலையில் ஆரம்பித்தோம்.

முதலில் நழுவலோடு குழம்பக்கூடிய மற்றவற்றை விலக்க வேண்டும். இன்ஜினுக்கே இழுவை குறைந்தால் மிதித்தாலும் ரேஸ் ஏறாது, சத்தம் அமுங்கியே இருக்கும். இங்கே ரேஸ் தாராளமாக ஏறுகிறது. பிரேக் பிடித்தபடி ஓடுகிறதா என்று பார்க்க நான்கு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றினோம். எல்லாம் இலகுவாகச் சுற்றின. கியர்பாக்ஸும் இன்ஜினும் சேரும் கூட்டின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். இன்ஜின் சீலோ கியர்பாக்ஸ் சீலோ கசிந்தால் அங்கேதான் சொட்டும். விரல் விட்டுப் பார்த்தேன். மணலும் துருப்பொடியும் வந்தன, எண்ணெய் இல்லை.

அப்புறம் நிறுத்திவைத்துச் செய்யும் சோதனை. ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, யாரும் வண்டிக்கு முன்னால் நிற்காமல், 4-வது கியரில் போட்டுக் கொஞ்சம் ரேஸ் கொடுத்து கிளட்சை விட வேண்டும். கிளட்ச் நன்றாக இருந்தால் இன்ஜின் உடனே திணறி அணையும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் நழுவுகிறது. இதை ஒரு தடவைக்கு மேல் செய்யக் கூடாது, ஒவ்வொரு தடவையும் பிளேட்டைத் தீய்க்கும். எங்கள் வண்டி சட்டென்று அணைந்தது. குளிரில் பிடிப்பு சரி.

ஸ்டீல் ஸ்கேலை பெடலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, விரலால் மெதுவாக அமுக்கி, எதிர்ப்பு தட்டும்வரை எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தேன். 2 மில்லிமீட்டர்கூட இல்லை. இந்த இடத்தில் 5, 6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நோட்டில் குறித்துக்கொண்டேன்.

பிறகு அந்தத் தம்பியே ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து ராமநாதபுரம் போனோம். வேண்டுமென்றே கடைத்தெரு நெரிசலில் இரண்டு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பினோம். இந்த வண்டியில் ரேஸ் மீட்டர் கிடையாது, காதுதான் மீட்டர். புறப்பட்டு 25 கிலோமீட்டர் தாண்டியதும், மட்டமான ரோட்டில், 5-வது கியரில் 40 வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கச் சொன்னேன். இன்ஜின் ஓலமிட்டது. ஸ்பீடோ மீட்டர் முள் அசையவில்லை. கூடவே தீய்ந்த வாடை.

"ஓரமா நிறுத்துங்க தம்பி. பெடலைத் தொடாதீங்க."

இறங்கும் முன் பெடலை விரலால் அமுக்கினேன். கல் மாதிரி இருந்தது. காலையில் இருந்த அந்த 2 மில்லிமீட்டரும் போய்விட்டது.

வண்டிக்கு அடியில் படுத்து, சிலேவ் சிலிண்டரில் காற்று எடுக்கும் நிப்பிளைத் தேடி, ஒரு ரப்பர் டியூபை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டு, ஸ்பேனரால் கால் சுற்றுத் திறந்தேன். பெடலில் யார் காலும் இல்லை. ஆனாலும் ஆயில் பீய்ச்சி அடித்தது, சிலேவின் கம்பி கண்ணெதிரே உள்வாங்கியது. நிப்பிளை இறுக்கிவிட்டு வண்டியை எடுக்கச் சொன்னேன். அதே ரோடு, அதே 5-வது கியர், அதே 40. மிதித்ததும் வண்டி பாய்ந்தது.

அந்தத் தம்பி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒரு மாதமாகத் தூக்கத்தைக் கெடுத்த கோளாறு ரோட்டோரத்தில் ஐந்து நிமிடத்தில் நின்றுவிட்டது. கோளாறு தீரவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் எந்தப் பக்கம் இருக்கிறது என்று இப்போது சந்தேகத்துக்கு இடமில்லை. காலை எடுத்த பிறகும் குழாய்க்குள் அழுத்தம் தங்குகிறது. அந்த அழுத்தம் ரிலீஸ் பேரிங்கைப் பாதி மிதித்தபடியே வைத்திருக்கிறது. ஸ்பிரிங்கால் முழுப் பலத்தோடு நசுக்க முடியவில்லை, பிளேட் உரசி எரிகிறது.

ஏன் சூட்டில் மட்டும்? மாஸ்டர் சிலிண்டரில், மேலே இருக்கும் ஆயில் டப்பாவுக்குத் திறக்கும் ஊசி நுழையும் அளவுத் துளை ஒன்று உண்டு. பெடல் முழுக்க மேலே வந்து நிற்கும்போது மட்டும் அது திறந்திருக்கும். சூட்டில் ஆயில் விரிந்தால் மிகுந்தது அந்த வழியாக டப்பாவுக்குப் போய்விடும். துளை அடைபட்டால் விரிந்த ஆயிலுக்குப் போக்கிடம் இல்லை, சிலேவைத் தள்ள ஆரம்பிக்கும். குளிர்ந்ததும் சுருங்கும், கிளட்ச் பிடிக்கும். காலையில் நல்லவன், மதியம் கெட்டவன் என்ற கதை இப்படித்தான் வருகிறது.

துளை அடைபடாமலேயே இதே அறிகுறி வர இன்னொரு காரணம் உண்டு: ரப்பர் ஹோஸ் உள்ளே ஊறி, ஆயிலைப் போக விட்டுத் திரும்ப விடாமல் இருப்பது. இரண்டையும் பிரிக்க, மறுபடி சூடேற்றி நழுவ வைத்து, இந்தத் தடவை கீழே நிப்பிளைத் தொடாமல் மேலே மாஸ்டரிலிருந்து புறப்படும் குழாயின் நட்டைத் தளர்த்தினேன். அங்கேயும் பீய்ச்சியது, சிலேவும் உள்வாங்கியது. ஹோஸ் அடைபட்டிருந்தால் மேலே திறந்தாலும் கீழே உள்ள அழுத்தம் இறங்கியிருக்காது. ஆக, கோளாறு மாஸ்டரில்.

நான் அவசரப்பட்ட இடம்

மாஸ்டரின் பிஸ்டனைத் தள்ளும் கம்பிக்கும் பிஸ்டனுக்கும் இடையில் 1 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அதுதான் பெடல் நுனியில் 5, 6 மில்லிமீட்டராகத் தெரியும். இங்கே இடைவெளியே இல்லை. செட் மாற்றியபோது, பெடலைக் கொஞ்சம் மிதித்ததுமே கிளட்ச் விடட்டும் என்று கம்பியை நீட்டியிருக்க வேண்டும். கம்பி பிஸ்டனை முன்னால் தள்ளியே வைத்தால் துளை மூடித்தான் இருக்கும். காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். கம்பியைச் சுருக்கி, பெடலில் 6 மில்லிமீட்டர் வைத்து, 30 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன். நழுவவில்லை. வண்டியைக் கொடுத்தனுப்பினேன்.

இரண்டாம் நாள் மதியம் போன் வந்தது. "அண்ணே, மண்டபத்துல நிக்கிறேன். மறுபடி ஆரம்பிச்சிருச்சு."

முன்பு 25 கிலோமீட்டரில் வந்தது இப்போது 40-ஐத் தாண்டி வந்திருக்கிறது. கம்பியும் ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டும் இல்லை. நியாயமாகப் பார்த்தால் எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். செட் போடுவதற்கு முன்பே நழுவல் இருந்தது. கம்பியை நீட்டியதோ செட் போட்டபோது. பின்னால் நடந்த ஒன்று முன்னால் வந்த கோளாறுக்குக் காரணமாக முடியாது. இந்தக் கணக்கைப் போடாமல் வண்டியை அனுப்பியது என் தவறு, அவரிடம் அதைச் சொன்னேன்.

இன்னொன்றையும் முதல் நாளே பார்த்தும் விட்டுவிட்டேன். டப்பாவில் ஆயில் கறுத்துக் கிடந்தது. பழசாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். இப்போது ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, அந்த ஆயிலில் ஒரு கரண்டி விட்டுக் கலக்கி வைத்தேன். நாம் பிரேக் ஆயில் என்று சொல்வது பெயருக்குத்தான் ஆயில்; பெட்ரோலிய எண்ணெய் கிடையாது, தண்ணீரில் கலந்துவிடும். இரண்டு நிமிடத்தில் டம்ளரின் மேல் பொன்னிற வட்டங்கள் மிதந்தன. உள்ளே எண்ணெய் கலந்திருக்கிறது.

"கிளட்ச் டப்பாவுல யாராவது எதையாவது ஊத்துனீங்களா தம்பி?"

யோசித்துவிட்டுத் தன் அண்ணனுக்குப் போன் போட்டார். தடைக்காலம் முடியும் சமயத்தில் வண்டியை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கியர் சரியாக விழவில்லை, நறநறவென்று சத்தம். டப்பாவைத் திறந்தால் ஆயில் அடிமட்டத்தில் இருந்திருக்கிறது. படகு வேலைக்கு வாங்கி மீந்திருந்த ஹைட்ராலிக் ஆயில் வீட்டில் இருந்தது, அதை ஊற்றி நிரப்பியிருக்கிறார். இரண்டு தடவை மிதித்ததும் கியர் விழுந்தது. "நல்லாயிருச்சேன்னு விட்டுட்டோம்" என்றார் அந்த அண்ணன். அவர் குரலில் இருந்த வருத்தத்தைக் கேட்டு, உங்கள் மேல் தப்பில்லை என்று சொன்னேன். பிரேக் ஆயில் என்று எல்லோரும் பேர் வைத்துவிட்டோம்; ஆயில் குறைந்தால் ஆயில் ஊற்றத்தானே யாருக்கும் தோன்றும்?

கழற்றியபோது தெரிந்தது

மாஸ்டரைக் கழற்றிப் பிரித்தோம். உள்ளே இருக்கும் ரப்பர் கப் பிரேக் ஆயிலுக்கென்று செய்த ரப்பர். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பும். புதுக் கிட்டில் உள்ள கப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பழையது கண்ணுக்கே பெரிதாகத் தெரிந்தது. மெத்தென்று ஆகியிருந்தது. வெளியே எடுத்த பிறகு திரும்ப சிலிண்டருக்குள் விரலால் தள்ளினால் போக மறுத்தது. பெடல் முழுக்க மேலே வந்தாலும் அந்த உப்பிய உதடு ஊசித்துளையை மூடியேதான் இருந்திருக்கிறது.

முதலில் ஆயில் ஏன் குறைந்தது? சிலேவைக் கழற்றியதும் அதுவும் தெரிந்தது. தூசி புகாமல் காக்கும் ரப்பர் மூடி கிழிந்திருந்தது. உள்ளே சிலிண்டர் சுவரில் துருவால் வந்த சின்னச் சின்னக் குழிகள். இந்த வண்டி தினமும் மீன் இறங்கும் இடத்துக்குப் போகிறது. அங்கே தரையெல்லாம் உப்புத் தண்ணீரும் ஐஸ் தண்ணீரும். முன்சக்கரம் வாரி அடிப்பது நேரே சிலேவ் மேல்தான் விழுகிறது. ஓடும் வண்டியில் பிஸ்டன் அசைந்துகொண்டே இருப்பதால் துருவுக்கு இடம் கொஞ்சம்தான் கிடைக்கும். 61 நாள் ஒரே இடத்தில் நின்றபோது துரு தன் வேலையைச் செய்துவிட்டது. குழி விழுந்த சுவரில் கப் உரச, ஆயில் கசிந்தது, டப்பா காலியானது, கியர் விழவில்லை.

இங்கே ஒரு கொடுமை என்னவென்றால், தப்பான ஆயில் ஊற்றியதும் சிலேவின் கப்பும் உப்பி, குழிகளை அடைத்து, கசிவை நிறுத்திவிட்டது. அதனால்தான் அந்த வீட்டில் எல்லோரும் வண்டி சரியாகிவிட்டது என்று நம்பினார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நம்பியிருப்பேன். அடுத்த இரண்டு வாரத்தில் மாஸ்டரின் கப் உப்பித் துளையை மூடியது, நழுவல் தொடங்கியது, பிளேட் எரிந்தது, கடன் வாங்கிச் செட் போட்டார்கள், உப்பிய கப் அப்படியே இருக்க, புதுப் பிளேட்டும் எரியத் தொடங்கியது.

பெட்ரோலிய எண்ணெய் உள்ளே போய்விட்டால் பழைய ஆயிலை எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றினால் மட்டும் போதாது. ரப்பரில் ஊறியது வெளியே வராது. மாஸ்டர் புதிது, சிலேவ் புதிது, ஹோஸ் புதிது, டப்பா மூடியின் ரப்பர்கூடப் புதிது. இரும்புக் குழாயை மட்டும் ஸ்பிரிட் விட்டு மூன்று தடவை கழுவி, காற்றடித்துக் காயவைத்து மாட்டினோம். மூடியில் போட்டிருந்தபடி டாட் 3 ரக பிரேக் ஆயில், சீல் உடைக்காத பாட்டிலிலிருந்து. இந்த ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். எங்கள் கடற்கரைக் காற்றில் திறந்து வைத்த பாட்டிலை நான் அடுத்த மாதத்துக்கு வைத்திருப்பதில்லை. பிரேக்குக்குத் தனி டப்பா என்பதால் அது தப்பித்தது. அதையும் டம்ளர் தண்ணீரில் சோதித்த பிறகுதான் நிம்மதியானேன்.

சூடேற்றி 60 கிலோமீட்டர் ஓட்டினோம். நழுவல் இல்லை. பெடலில் குளிரிலும் 6, சூட்டிலும் 6 மில்லிமீட்டர்.

அப்புறம் கியர்பாக்ஸை இறக்க வேண்டுமா என்ற கேள்வி. அவருக்கு விருப்பமில்லை, எனக்கும் இல்லை. ஒரு டன் பாரம் ஏற்றிப் பாலத்தில் ஏறிப் பார்ப்போம், அதுவே சொல்லட்டும் என்றேன். பாலத்தில் ரயில் பாலத்தையும் கடலையும் பார்க்க வண்டியை நிறுத்தியவர்களால் நெரிசல். ஏற்றத்தில் அரைக் கிளட்சில் பிடித்து நின்று நின்று போக வேண்டியதாயிற்று. உச்சிக்கு முந்தைய பகுதியில் 3-வது கியரில் முழுக்க மிதித்தபோது லேசாக நழுவியது. அடுத்த தடவையும் அதே இடத்தில். குளிரோ சூடோ, பாரம் ஏறினால் நழுவல். இது பிளேட்டின் நழுவல், இத்தனை நாளும் எரிந்ததன் மிச்சம்.

மனமில்லாமல்தான் இறக்கினேன். பிளேட்டில் ரிவெட் ஆழம் 1.3 மில்லிமீட்டர், கிட்டத்தட்டப் புதிது. ஆனால் முகம் கறுத்து, மயிரிழை விரிசல்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டலாமே என்று கேட்டார். விரிசல் விழுந்த லைனிங்கைத் தேய்த்து மாட்டினால் சில மாதத்தில் துண்டாக உரியும். அது பாலத்தின் நடுவில் நடந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஒப்புக்கொண்டார். பிளைவீலில் நீல நிறத் திட்டுகள், சூட்டின் தடம். ராமநாதபுரத்தில் லேத்தில் கொடுத்து முகத்தைச் சீவி வாங்கினோம். பிரஷர் பிளேட்டின் முகமும் நீலம் பாய்ந்திருந்தது, அதையும் பிளேட்டோடு மாற்றினோம். ரிலீஸ் பேரிங் ஓயாமல் அழுத்தத்தில் சுற்றியதில் உறுமல் போட்டது, அதுவும் போனது. கியர்பாக்ஸ் ஷாஃப்டின் பற்களில் செந்துரு படிந்திருந்தது. துடைத்து, பிளேட்டில் தெறிக்காத அளவுக்கு விரல் நுனி கிரீஸ் மட்டும் தடவினேன். அந்தத் துரு நழுவலுக்குக் காரணம் இல்லை, அதனால் வருவது கியர் சிக்கும் கோளாறு. கடற்கரை வண்டிகளில் அடிக்கடி பார்க்கிறேன்.

முதல் நாளே அந்த நிப்பிளை யாராவது திறந்திருந்தால் மாஸ்டர், சிலேவ், ஹோஸ் மூன்றோடு வேலை முடிந்திருக்கும். இரண்டு செட்டும் இரண்டு தடவை கியர்பாக்ஸ் கூலியும் மிஞ்சியிருக்கும். இரண்டாவது கூலியை நான் வாங்கவில்லை. பாகங்களின் விலையை மட்டும் கொடுத்தார், அதையும் இரண்டு தவணையில்.

வண்டியை ஒப்படைக்கும்போது டப்பாவின் மூடியில் வெள்ளைப் பெயிண்டால் "பிரேக் ஆயில் மட்டும்" என்று எழுதினேன். அன்றைய மட்டத்தில் டப்பாவின் பக்கவாட்டில் ஒரு கோடும் போட்டேன். அண்ணனும் வந்திருந்தார். இந்த மாதிரி கிளட்சில் பிளேட் தேயத் தேயச் சிலேவ் பின்வாங்கி, டப்பாவில் மட்டம் கொஞ்சம் ஏறத்தான் செய்யும், இறங்காது. கோட்டுக்குக் கீழே இறங்கினால் எங்கேயோ கசிகிறது, ஊற்றாமல் நேரே வாருங்கள் என்று அவரிடம் காட்டிச் சொன்னேன். வாரம் ஒரு நாள் சிலேவ் பக்கம் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். அடுத்த தடைக்காலத்தில் வண்டி நிற்கும்போது இரண்டு நாளுக்கு ஒரு தடவை கிளட்சைப் பத்து முறை மிதித்துவிட வேண்டும். அண்ணன் அதைத் தன் போனில் நினைவூட்டலாகப் போட்டுக்கொண்டார்.

அக்டோபர் கடைசியில், முதல் மழைக்குப் பிறகு, மதியம் திரும்பும் வழியில் பட்டறையில் நிறுத்தினார்கள். ராமநாதபுரத்திலிருந்து ஓடி வந்த சூட்டிலேயே ஸ்கேலை வைத்தேன். 6 மில்லிமீட்டர். டப்பாவில் மட்டம் வெள்ளைக் கோட்டின் மேலேயே நின்றது.